மூன்று பேருக்குக் கட்டிய டேங்க்

நகரப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்த அவரை டெப்போவில் எல்லோரும் ‘இடமிருக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. வண்டி எவ்வளவு நெரிந்தாலும், அடுத்த நிறுத்தத்தில் யாராவது கையைக் காட்டிவிட்டால் போதும், “உள்ள போங்க, உள்ள போங்க, இடமிருக்கு!” என்று கத்தியே ஏற்றிவிடுவார். டிரைவர்கள் பல்லைக் கடிப்பார்கள். உள்ளே நசுங்கிக்கொண்டிருப்பவர்கள், “எங்கய்யா இருக்கு, உன் தலையிலயா?” என்பார்கள். அவர் அசரமாட்டார். யாரையும் ரோட்டில் விட்டுவிட்டு வந்ததில்லை என்பதுதான் ஓய்வுபெற்றபோது மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பெருமை.

இப்படிப்பட்டவர், மகள் வீட்டுக்குக் குடிவந்ததும், அங்கே தனக்கு மட்டும் இடமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஜாடையாகக்கூடக் காட்டவில்லை. ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு வருகிற வியாதி போலிருக்கிறது இது.

மனைவி போனபிறகு ஏழு வருடம் தனியாகவே இருந்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. மகள் வந்து ஒரே பிடியாக நின்று, ஒரு சூட்கேஸோடு அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மருமகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பாதியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆளை வெளியே எடுத்துவிடலாம், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை எடுப்பதுதான் கஷ்டம். அவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் கல்லூரியில் படிக்கிற பேத்தி தாராளமாகச் செலவழித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர், இரண்டு அறை, ஒரு பாத்ரூம். நான்காவதாக இவர் வந்ததும் பேத்தி தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹால் சோபாவுக்கு நகர்ந்தாள். முதல் நாளே அது அவரை உறுத்தியது.

அதனால் இருக்கிற சுவடே தெரியாமல் இருக்கப் பழகிக்கொண்டார். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கிகள், அவற்றில் மூன்று துண்டுகள். தன் துண்டை அவர் அறை ஜன்னலில் உலர்த்தினார். பல் தேய்க்கும் பிரஷ் சூட்கேஸிலேயே இருந்தது. குளித்து முடித்ததும் மூலையில் கிடக்கும் பழைய துணியை எடுத்து, ஆபரேஷன் செய்த முழங்காலை நீட்டிக் குனிந்து, தரையை ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். அந்த வீட்டில் தினமும் காலையில் அந்த ஈரத்துக்காக ஒரு சண்டை நடக்கும். “தரையெல்லாம் ஈரம்! யாராவது வழுக்கி விழுந்து மண்டையை உடைச்சாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வருமா?” என்று மகள் கத்துவாள். புருஷனுக்கு ஒரு நாள் திட்டு விழும், பெண்ணுக்கு ஒரு நாள் விழும், ராசியான நாட்களில் இரண்டு பேருக்கும் சேர்த்தே விழும்.

அவருக்கு மட்டும் திட்டு விழுந்ததே இல்லை. ஒரு நாள் மறந்துபோய்த் துடைக்காமல் வந்துவிட்டார். மகள் எட்டிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார். அவளோ ஒரு வார்த்தை பேசாமல் தானே துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. விருந்தாளியை யார் திட்டுவார்கள்?

கழிவறை விஷயத்தில்தான் மனிதர் எல்லை மீறிப் போனார். தனக்குப் பின்னால் உள்ளே போகிறவர் முகம் சுளித்துவிடக் கூடாது என்பது அவருடைய பெரிய பயம். ஆகவே காலையில் ஆசிட், சாயங்காலம் பினாயில். மகள் வாங்கி வைப்பது போதாமல், கடைத்தெருவில் தானே வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் ஒளித்துக் கொண்டுவருவார். “அப்பா வந்ததுலேருந்து எங்க பாத்ரூம் ஆஸ்பத்திரி மாதிரி பளபளன்னு இருக்கு” என்று மகள் பக்கத்து வீட்டில் பெருமையடித்தது ஒரு நாள் காதில் விழுந்தது. அன்றோடு, தடவைக்கு இரண்டு மூடி என்றிருந்தது அரை பாட்டிலாயிற்று. பாராட்டு ஒரு மனிதனை என்ன பாடுபடுத்துகிறது பாருங்கள்.

ஏழாவது மாதம் கழிவறையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. இழுத்துவிட்டால் உள்ளேயிருந்து களக் களக் என்று சத்தம். கொல்லைப்பக்கம் செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றி மண் கசகசவென்று நனைந்து கிடந்தது. கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்தார்கள். கண்டக்டர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர வீடாச்சே இது?” என்றார் லாரிக்காரர், குழாயை இறக்கிக்கொண்டே. “போன வருஷம்தான எடுத்தேன். வீட்ல ஆள் கூடிப்போச்சா?”

பதிலுக்குக் காத்திருக்காமல், “இது மூணு பேருக்குக் கட்டின டேங்க்குங்க. ஒரு ஆள் கூடினாலும் காட்டிக் குடுத்துரும்” என்றார். அரை மணி நேரத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனது கண்டக்டரின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கணக்கு அவருக்குப் புதிதல்ல. மூன்று சீட், நான்கு ஆள். நிற்கிற ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு, “பழைய ஆளுங்களைப் பாத்துட்டு வரேன்ம்மா” என்று கிளம்பி டெப்போவுக்கு நடந்தார். கால் மணி நேர நடை, அவர் முழங்காலுக்கு அரை மணி. அங்கே தொழிலாளர் கழிவறை இருந்தது. வீட்டில் முடிந்தவரை போவதில்லை என்பது ஏற்பாடு. தண்ணீரையும் குறைத்துக்கொண்டார், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். “ஏன்ப்பா உதடு இப்படி வெடிச்சிருக்கு?” என்று மகள் கேட்டால், “காத்து அப்படிம்மா” என்பார். தப்பித்தவறி வீட்டில் போக நேர்ந்துவிட்டால் குற்ற உணர்ச்சியில் முழு பாட்டிலையும் கவிழ்த்துவிடுவார்.

டெப்போவில் டைம் கீப்பர் அவருடைய பழைய தோஸ்த். பத்து நாள் பார்த்துவிட்டு, “ஏண்டா இடமிருக்கு, நீ என்னைப் பாக்க வரியா, இல்ல எங்க கக்கூஸைப் பாக்க வரியா?” என்று கேட்டார். இவர் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். டைம் கீப்பர் சிரிக்கவில்லை. “பக்கத்து லாட்ஜுல தரைத்தளத்துல ஒரு ரூம் காலியாகுது. நம்ம ரிடையர்டு டிரைவர் இருந்தது. ஒரு கட்டில், தனி பாத்ரூம். வேணும்னா சொல்லு” என்றார்.

வேண்டுமா வேண்டாமா என்று மூன்று மாதம் ஓடிற்று. மகளை விட்டுப் போக மனசில்லை, இருக்கவும் கூச்சம். அந்த மூன்று மாதத்தில் லாரி இன்னொரு தடவை வந்தது. பதினோராவது மாதம், பேத்திக்குப் பரீட்சையன்று காலை, போன தண்ணீர் திரும்பி மேலே வந்தது. பாத்ரூம் தரையில் அது பரவுவதைப் பார்த்துக்கொண்டு நான்கு பேரும் வாசலில் நின்றார்கள்.

மேஸ்திரி வந்தார். லாரியை விட்டு டேங்க்கைக் காலி செய்யச் சொன்னார். மூடிகளைத் திறந்துவைத்துச் சுற்றிலும் கயிறு கட்டினார். “யாரும் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது. ஒரு மூச்சு போதும், ஆளைச் சாய்ச்சிரும். உள்ள இறங்குற பேச்சே கிடையாது, நானா இருந்தாலும் சரி” என்றார். மறுநாள் மதியம் வந்து, நீளக் கம்பின் நுனியில் பேத்தியின் செல்போனைக் கட்டி, தூர நின்றபடியே உள்ளே விட்டுப் படம் எடுத்தார். பேத்தி முகத்தில் ஈயாடவில்லை. போன் பத்திரமாக வெளியே வந்தது. மேஸ்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நடுச்சுவர் பாதி விழுந்து கிடந்தது. செங்கல்களுக்கு நடுவே பூச்சு அரித்துப்போயிருந்தது.

“யாரு இவ்வளவு ஆசிட் ஊத்துறது?” என்றார்.

“ஆசிட்டா? எதுக்குக் கேக்குறீங்க?” என்றாள் மகள்.

“இந்த டேங்க்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கும்மா. நாம அனுப்புறதை அதுங்கதான் தின்னு கரைக்கும். ஆசிட்டையும் பினாயிலையும் ஊத்தினா அதுங்க செத்துரும். அப்புறம் யார் தின்பா? போனதெல்லாம் அப்படியே தங்கிக்கும். நாப்பது பேர் இருக்குற வீடு மாதிரி ரொம்பிக்கிட்டே இருக்கும்.”

“அப்ப... ஆள் கூடினதால இல்லையா?” என்று கண்டக்டர் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு ஆள் கூடினா என்ன பெரியவரே ஆயிரும்? மூணு வருஷத்துல எடுக்கறதை ரெண்டேகால் வருஷத்துல எடுக்கணும். அவ்வளவுதான்.”

ஒரே நிமிடத்தில் பாரம் இறங்கி, அதைவிடப் பெரிய பாரம் ஏறியது. தான் இருந்ததால் கெடவில்லை, தான் இல்லாத மாதிரி காட்டிக்கொள்ளப் பார்த்ததால் கெட்டிருக்கிறது. முப்பத்தொரு வருடம் யாரையும் ஏமாற்றாத மனிதர், இப்போதும் ஒளிக்கவில்லை. “நான்தான்ம்மா ஊத்தினேன்” என்றார். “தினமும்.”

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் தரையைப் பார்த்தார். மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முகம் சிவந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு, “பரவால்லப்பா” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

பரவாயில்லையாம்! இதையே பேத்தி செய்திருந்தால் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். மருமகன் செய்திருந்தால் அவர் லிஃப்டிலேயே குடியிருக்க வேண்டியதுதான். இருபது வருடத்து டேங்க்கைச் சாகடித்துவிட்டு நிற்கிறார், கிடைத்தது பரவால்ல. அவள் அவரை நாலு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்று சாயங்காலமே டெப்போவுக்குப் போய், “அந்த ரூமை எனக்குச் சொல்லி வை, ஒண்ணாம் தேதி வந்துடறேன்” என்றார். டைம் கீப்பர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் காலியாத்தான் கிடக்கு” என்று லாட்ஜுக்குப் போன் போட்டார்.

பழையதை இடித்து மண் கொட்டி மூடுவது, பக்கவாட்டில் புதிதாக ஒன்று கட்டுவது என்று தீர்மானமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி ஒரு டப்பா சுண்ணாம்புத் தூளோடு அளவு போட வந்தார். மருமகன் ஏணிமேல் நின்று பழைய குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் சமையலில் இருந்தாள். பக்கத்தில் நின்றவர் கண்டக்டர்தான்.

“எத்தனை பேருக்குப் போடணும் பெரியவரே? தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு.”

“மூணு பேர்” என்றார் கண்டக்டர்.

மேஸ்திரி நாடாவைப் பிடித்து அளந்து, வெள்ளைக் கோட்டை இழுத்தார். சின்னக் கட்டம். கண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் கையாலேயே தன்னை இறக்கிவிட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

மேஸ்திரி சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, “ஏம்மா, மூணு பேருக்குப் போட்டுடறேன், சரிதானே?” என்று குரல் கொடுத்தார்.

“மூணா? நாலு பேருங்க!”

“பெரியவர் மூணுங்கறாரே. வீட்டை விட்டு யாரு போறா?”

இந்த மாதிரி ஆட்களுக்கு எதை எங்கே கேட்கக் கூடாது என்று ஒரு இழவும் தெரியாது. அன்றைக்குத் தெரியாமல் இருந்ததே நல்லதாயிற்று. மகள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். கோட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“என்னப்பா இது?”

“டெப்போ பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன்ம்மா. பக்கந்தான். வாரம் ஒருக்கா வந்து பாத்துக்கறேன். உன் பொண்ணுக்கும் அவ ரூம் கிடைக்கும்ல...”

“நான் என்னப்பா பண்ணினேன்?” அவள் குரல் உடைந்தது. “என்ன குறை வச்சேன்?”

“குறையே வைக்கலம்மா. அதான் எனக்குத் தாங்கல.” அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். “இந்தப் பதினோரு மாசத்துல நீ என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கியா? அவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு நிக்கறேன், பரவால்லைன்னுட்டுப் போற. மாப்பிள்ளையை அப்படி விட்டுருப்பியா? வீட்டு ஆளை யாரும்மா அப்படி விடுவா?”

மகள் கரண்டியைக் கீழே போட்டாள். “திட்டினா போயிடுவீங்கன்னு பயந்துகிட்டுதான்ப்பா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்! ஒரு சூட்கேஸோட வந்தீங்க. இன்னும் அந்தச் சூட்கேஸைக்கூடக் காலி பண்ணல. எந்த நிமிஷம் எடுத்துக்கிட்டுக் கிளம்புவீங்களோன்னு தினமும் கடையிலிருந்து வந்ததும் அது இருக்கான்னு பாப்பேன். அன்னிக்கு ஆசிட்னு சொன்னீங்களே, உள்ள போய்த் தலையணையைக் கடிச்சுக்கிட்டேன். ஒரு ஓரம் கிழிஞ்சே போச்சு, வேணும்னா வந்து பாருங்க!”

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்டக்டருக்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்க அவர் துண்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்குள் மருமகன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். நேராகக் கட்டத்தருகே போய், செருப்புக் காலால் வெள்ளைக் கோட்டைத் தேய்த்து அழித்தார். மேஸ்திரி கையிலிருந்த டப்பாவை வாங்கி, ஒரு எட்டு தள்ளிப் புதுக்கோடு போட்டார்.

“ஆறு” என்றார்.

“ஆறா? நாலு பேர்தானேங்க?” என்றார் மேஸ்திரி.

“லிஃப்ட்ல நாலு பேர்னு எழுதியிருந்தா, அதுக்கு மேலயும் தாங்குற மாதிரிதான் கட்டியிருப்பாங்க. பொண்ணு இருக்கா. நாளைக்கு வீட்டுக்கு ஆள் வரும். யார் வந்தாலும் ஒருத்தர் போய்த்தான் ஆகணும்னு இருக்கக் கூடாது.” அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, “மாமா, டெப்போவுக்கு ஒரு போன் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறிவிட்டார்.

கண்டக்டர் போன் செய்தார். டைம் கீப்பர், “சனியன் விட்டுச்சு, நானும் எத்தனை நாள் உன் மூஞ்சியைப் பாக்கறது” என்று சந்தோஷப்பட்டார்.

வேலை மூன்று வாரம் நடந்தது. மகளும் பேத்தியும் பக்கத்து வீட்டில் சமாளித்தார்கள். மாமனாரும் மருமகனும் காலையில் சேர்ந்து டெப்போவுக்கு நடந்தார்கள். போக வர ஒரு மணி நேரம், பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை. ஆனால் மருமகன் தன் வேகத்தை அந்த முழங்காலுக்குத் தகுந்தபடி குறைத்துக்கொண்டு நடப்பதைக் கண்டக்டர் இரண்டாம் நாளே கவனித்துவிட்டார். சுவர் எழும்பிப் பூச்சு காய்ந்ததும் கசிவு பார்க்கத் தண்ணீர் நிரப்பினார்கள். மட்டம் இறங்குகிறதா என்று கோடு போட்ட குச்சியை வைத்து மணிக்கொரு தரம் பார்க்கிற வேலை கண்டக்டருடையது. இரண்டு நாள் பார்த்தார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கடைசியில் மேஸ்திரி பக்கத்து வீட்டு டேங்க்கிலிருந்து இரண்டு வாளி பழைய சேறு வாங்கிப் புது டேங்க்குக்குள் ஊற்றினார், உயிர்கள் குடியேறுவதற்காக. மூடியைப் போட்டதும் கைகழுவிவிட்டு, “இனிமே சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் மட்டுந்தான் பெரியவரே” என்று கண்டக்டரைப் பார்த்துச் சொன்னார். அன்றே பேத்தி ஒரு அட்டையில் எழுதிக் கழிவறைக்குள் ஒட்டினாள்: ‘கண்டக்டர் கவனத்துக்கு. உள்ளே பயணிகள் இருக்கிறார்கள். ஆசிட் ஊற்றாதீர்.’

முதலில் போகவேண்டியவர் தாத்தாதான் என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சூட்கேஸிலிருந்த பழைய கண்டக்டர் விசிலை முன்பே எடுத்துவைத்திருந்தாள். சூட்கேஸ் அப்போது காலியாகிப் பரண்மேல் போய்விட்டிருந்தது. ஹாலில் நின்று விசிலை ஊதி, “உள்ள போங்க, உள்ள போங்க, இடமிருக்கு!” என்று அவரைப் போலவே தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள். மருமகன்கூடச் சிரித்தார். கண்டக்டர் வெட்கப்பட்டுக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவின் பின்னால் நான்கு கொக்கிகள் இருந்தன. நான்காவது புதிது, திருகைச் சுற்றி மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. அதில் அவருடைய துண்டு தொங்கியது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

வேலை முடிந்து தண்ணீரை இழுத்துவிட்டார். அது ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிப் போயிற்று. அப்படியே குளித்தும் விட்டார், அவசரமில்லாமல், இரண்டு வாளி. முடித்ததும் பழக்கதோஷத்தில் கை மூலையிலிருந்த பழைய துணிக்குப் போயிற்று. எடுத்தார். பிறகு கீழே போட்டுவிட்டு, ஈரக் காலோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

பின்னாலேயே போன மகள் வாசலில் நின்றாள்.

“அப்பா! என்னப்பா இது, தரையெல்லாம் ஈரம்! வயசானவரு வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது? இன்னொரு முழங்காலும் போகணுமா உங்களுக்கு? ஒரு துணியை எடுத்துத் துடைக்கக் கை வலிக்குதா? இந்த வீட்ல ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கா?”

நிறுத்தாமல் திட்டினாள், பதினோரு மாதத்துப் பாக்கியையும் சேர்த்து. அவர் திரும்பி வந்து, துண்டைத் தன் கொக்கியில் மாட்டிவிட்டு, அவள் திட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.